உள்ளங்கையில் ஒரு பெயர்

தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பக்கம் ஓர் அடக்க ஆராதனை. முடிவில் ஆசீர்வாதம் கூற போதகர் இரு கைகளையும் உயர்த்தினார். இடது உள்ளங்கையில், நீல மையில், இறந்தவரின் பெயர் எழுதியிருந்தது. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கோ அந்தக் கை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

போதகர் தங்கவயலுக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. இறந்தவர் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை. புதிதாக வந்தவருக்கு எல்லார் பெயரும் எப்படி மனதில் நிற்கும்? பிழையாகச் சொல்லிவிடக் கூடாதென்று எழுதிக்கொண்டார். குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் வலித்தது. ஏனென்றால், எங்கள் சபைக்கு வந்த போதகர்களை வாசலில் நின்று வரவேற்றவர் அந்தப் பெரியவர்தான். சாமான் லாரி வந்து நின்றால் முதல் பெட்டியை இறக்குவது அவர் கை. போதகர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்வார். அவர்கள் மாற்றலாகிப் போய்ப் பல வருடமான பின்பும், இன்னார் மகள் படிப்பை முடித்தாளா என்று விசாரிப்பார். இந்த முறை லாரி வந்தபோது அவர் படுக்கையில் கிடந்தார்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைனில் ஒப்பாரி பாடும் ஆயா ஒருத்தி இருந்தாள். எந்தச் சாவு வீடானாலும் வருவாள். செத்தவரை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. உள்ளே நுழைந்ததும் அழுகிற பெண்ணின் தோளைப் பிடித்து, “உங்க ஊட்டுக்காரரு பேரு இன்னாம்மா? இன்னா இஷ்டமா சாப்புடுவாரு?” என்று கேட்பாள். கேட்டதெல்லாம் பாட்டில் வந்துவிடும். சபைப் பெரியவர்களுக்கு ஒப்பாரி பிடிக்காது. நம்பிக்கையில்லாதவர்களைப் போல அழக் கூடாது என்பார்கள். ஆனால் எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளை அழைத்து வரும்படி கர்த்தரே சொல்வதாக இருக்கிறது. அதைப் பின்னாளில் படித்தபோது ஆயாவின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அழுதவள் அவள். அவள் அழுகை பொய் என்று எங்கள் லைனில் ஒருவரும் சொன்னதில்லை.

பெயரே தெரியாமல் அழுததும் உண்டு. பூமிக்குக் கீழே 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போன சுரங்கம் எங்களுடையது. உள்ளே பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரம் ஆடும். ஏர் பிளாஸ்ட் என்போம். யார் வீட்டு ஆள் மாட்டிக்கொண்டார் என்று தெரியும் முன்பே பெண்கள் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். அந்த நேரத்தில் அழுதவர்கள் யாருக்காக அழுதார்கள்?

மறுபடி அந்தக் கைக்கே வருகிறேன். பெயருக்குக் கீழே இன்னொரு சொல்லும் இருந்தது: டிம்பர்மேன். அதை யாரோ கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவராகவே விசாரித்திருக்க வேண்டும். வியர்வையில் ஓர் எழுத்து கலைந்திருந்தது. 1930இல் சுரங்கக் கம்பெனி கைரேகை பதியச் சொன்னபோது, எங்களைத் திருடர்களாக நினைக்கிறீர்களா என்று தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என எங்கேயோ படித்திருக்கிறேன். தொழிலாளியின் கையைத் தன் புத்தகத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தது கம்பெனி. இங்கே ஒருவர் தொழிலாளியின் பெயரைத் தன் கையில் வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து நினைப்பது சரியா என்று தெரியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய வேலை அத்தோடு நின்றது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பலர் அங்கேயே குடியேறிவிட்டார்கள். பெரியவரின் மகனும் அப்படித்தான். அப்பா எந்த ஷாஃப்ட்டில் இறங்கினார் என்று கல்லறைத் தோட்டத்தில் யாரோ கேட்டபோது அவர் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் திரும்பிப் பார்த்தார். பெற்ற பிள்ளைக்கே தெரியாததைப் புதிய போதகரிடம் எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

ஆனால் சபைக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. மாலை, சால்வை, வரவேற்புரை, சாப்பாடு என்று பணியேற்பு விழாவைக் குறையில்லாமல் நடத்தினோம். படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு அவரை அழைத்துப்போக வேண்டும் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வரவேற்பு என்பது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் சபைக்குப் புதிய போதகர் வந்தால் முதல் வாரமே அந்த வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு முறை பார்த்துப் பேசியதால் மட்டும் அவருடைய துக்கம் ஆழமாகிவிடுமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.