யார் செலவில் கனவு?

1919 ஜனவரி 11 அன்று லண்டனின் புட்னி பகுதியில், நோயாளியாகத் தங்கியிருந்த மருத்துவ விடுதியிலிருந்து சீனிவாச ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தருவதாகப் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவித்திருந்தது. ஊர் திரும்பிய பிறகு இவ்வளவு பணம் தனக்குத் தேவைப்படாது, 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுக்கலாம், தன் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் கேட்டுக்கொண்டார்.

படிக்கிறவர் மனம் நெகிழும் கடிதம் அது. ஆனால், மனைவியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 'அவசியச் செலவு' என்பதற்குள் ஜானகியும் அடக்கம் என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்தக் காலத்துக் குடும்பங்களில் மகனின் பணம் பெற்றோர் கைக்குப் போவதும் வழக்கம்தான். ஆகவே இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் கனவைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு கேள்வியை அந்தக் கடிதம் எழுப்பிவிடுகிறது: ஒருவருடைய கனவுக்கான செலவை யார் ஏற்கிறார்கள்? அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

1909 ஜூலையில் திருமணம் நடந்தபோது ஜானகிக்கு வயது பத்து, ராமானுஜனுக்கு 21. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி, கல்லூரிப் படிப்பை முடிக்காமல், வேலையும் இல்லாமல் இருந்த மாப்பிள்ளை. கையில் இருந்தது நோட்டுப் புத்தகம் நிறையத் தேற்றங்கள். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் சிலேட்டில் கணக்குப் போடுவார். துணியைத் தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் ஐந்து ஆண்டு கழித்து உடல் நலிந்து திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார்.

ஜானகி 1994 வரை இருந்தார். ஒரு சிறு ஓய்வூதியத்தோடு தையல் வேலையும் செய்து, திருவல்லிக்கேணியில் குடித்தனம் நடத்தி, ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, இன்னும் வைக்கவில்லையே என்று முதுமையில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வருந்தினார். அதை அறிந்த அமெரிக்கக் கணிதவியலர் ரிச்சர்டு ஆஸ்கி பல நாட்டுக் கணித அறிஞர்களிடம் பணம் திரட்டி ராமானுஜனின் மார்பளவுச் சிலையைச் செய்யவைத்தார். தனக்காகக் கேட்க எவ்வளவோ இருந்தும், அந்தக் குறையையும் கணவருக்காகத்தான் சொன்னார் ஜானகி.

அந்தக் கல்யாணத்தை ராமானுஜன் தேடிப் போகவில்லை, அம்மா கோமளத்தம்மாள் பார்த்துச் செய்துவைத்தது. பத்து வயதுப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கணிதம் பெற்றது பெரிது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உலகம் ஆதாயம் அடைந்துவிட்டதால் ஜானகியின் இழப்பு ஈடாகிவிட்டது என்று சொல்வதற்கு, அந்த இழப்பை அனுபவிக்காத எவருக்கும் உரிமை கிடையாது.

இதே சிக்கலை 1976இல் இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸ் ஒரு கட்டுரையில் எடுத்துக்கொண்டார். அவர் எடுத்துக்காட்டாக வைத்தது ஓவியர் பால் கோகனின் வாழ்க்கையை ஒட்டிய ஒரு பாத்திரத்தை. உண்மையான கோகன் பாரிஸில் பங்குத் தரகராக இருந்தவர். மனைவி மெட்டே, ஐந்து பிள்ளைகள். 1885இல் கோபன்ஹேகனில் குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியமே கதி என்று புறப்பட்டார். 1891இல் தாஹிட்டித் தீவுக்குப் போனார். மெட்டே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் பிள்ளைகளைக் கரையேற்றினார். 1897இல் மகள் அலீன் 19 வயதில் நிமோனியாவில் இறந்தாள். சில மாதம் கழித்துக் கடிதத்தில்தான் அப்பாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. இன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய மிகப் பெரிய ஓவியம் அதற்குப் பிறகு வரைந்தது.

வில்லியம்ஸின் வாதம் சங்கடமானது. இப்படிப்பட்ட ஒருவர் பெரிய ஓவியராகிவிட்டால், தான் எடுத்த முடிவு சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். ஆகவில்லை என்றால் அதுவும் இருக்காது. வீட்டை விட்டு இறங்கும் நாளில் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆக, செய்தது சரியா தவறா என்பதே அதிர்ஷ்டத்தின் கையில் போய்விடுகிறது. வெற்றி பெற்றாலும் கைவிடப்பட்டவர்களிடம் போய் நியாயம் சொல்ல அவருக்கு வழியில்லாமல் போகலாம் என்பதையும் வில்லியம்ஸ் மறைக்கவில்லை. இந்தப் பின்பகுதிதான் முக்கியம், இதுதான் அதிகம் பேசப்படுவதும் இல்லை. மெட்டேயின் வாசலில் நின்று பார்த்தால் கணவரின் ஓவியம் எந்த ஊர் அருங்காட்சியகத்தில் தொங்கினாலும் மகள் போன வீடு அதே வீடுதான்.

மேலும், இந்த வாதத்தில் வருகிறவர் மேதை. கனவு காண்கிறவர்களில் மேதைகள் மிகச் சிலர். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறை எடுத்துத் தங்கி, முதல் படத்துக்காகக் காத்திருக்கும் உதவி இயக்குநர்களில் படம் எடுக்கப்போகிறவர் எத்தனை பேர்? சென்னை அண்ணா நகரில் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்க வந்து, நான்காவது முறை, ஐந்தாவது முறை என்று எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் தேர்ச்சிப் பட்டியலில் வரப்போவதில்லை. அந்த அறை வாடகை ஊரிலிருந்து வருகிறது. அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது, வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்தபடி. அக்கா பனியன் கம்பெனிக்குப் போகிறாள். தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று அவள் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது. தம்பி கெட்டவன் இல்லை, ராத்திரி பகலாகப் படிக்கிறான். அக்காவும் மனமறிந்துதான் கொடுக்கிறாள். ஆனால் இன்னும் எத்தனை வருஷம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டால் தம்பி மனம் உடைந்துவிடுமோ என்று அவளும் கேட்கவில்லை. அன்பு இருக்கும் வீட்டிலும் இந்த மௌனம் அநீதியாக முடியலாம்.

அப்படியானால் கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிடைத்த வேலையைப் பார்ப்பதுதான் அறமா? அதுவும் அல்ல. தன் கனவின் செலவைத் தானே சுமந்தவர்களும் உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை இன்றைய பிள்ளைகளுக்கு இன்னும் நிறையச் சொல்ல வேண்டும். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர், ஆசிரியராக இருந்தவர், பிறகு சித்த மருத்துவராகப் பெயர் பெற்றார். தஞ்சையில் அவருடைய கருணாநிதி வைத்தியசாலையின் மருந்துகள் தொலைதூரம் வரை போயின. ஊருக்கு வெளியே மூலிகைத் தோட்டமும் பண்ணையும் நடத்தினார். அவர் மனம் கிடந்ததோ இசையில். தமிழிசையின் சுருதிக் கணக்கு என்ன, பழந்தமிழ் நூல்களில் சொல்லப்பட்ட பண்கள் எவை என்பதை ஆராய்வதற்கு மருத்துவத்தில் சம்பாதித்ததைக் கொட்டினார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைத் தஞ்சைக்கு வரவழைத்துத் தன் செலவில் மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தன் கருத்தை முன்வைத்தபோது அவருடைய மகள்கள் பாடிக் காட்டினார்கள். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' அச்சாகி வந்தது, ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட நூல். இரண்டு ஆண்டில் அவர் காலமானார்.

பண்டிதரின் சுருதிக் கணக்கை எல்லோரும் ஏற்கவில்லை, இன்றும் விவாதம் உண்டு. அறத்தின் பார்வையில் அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அந்த நூல் அடியோடு தோற்றிருந்தாலும் அதற்காக யாருடைய வாழ்க்கையும் சிதைந்திருக்காது. அவர் முடிவு சரியா என்பது அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்கவில்லை; வில்லியம்ஸின் சிக்கலுக்கு ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கையில் ஒரு பதில் கிடைக்கிறது.

எல்லோருக்கும் அது சாத்தியப்படாது என்று சொல்வது நியாயம்தான். சில வேலைகள் முழு ஆளையும் கேட்கும். துறைமுகக் கணக்கை முடித்துவிட்டு மீதி நேரத்தில் மட்டும் கணிதம் செய்தால் போதும் என்று ராமானுஜனிடம் சொல்லியிருந்தால் இழப்பு எல்லோருக்கும்தான். பிறர் தயவு தேவைப்படும் கனவுகள் உண்டு. அவற்றில் அந்தத் தயவு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். மகனும் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பதே அவர் ஆசை. பையனோ தமிழ், தமிழ் என்று கிடந்தான். எந்த ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதோ அந்த ஊருக்கு ஜாகையை மாற்றிக்கொண்டு போனார் தந்தை: அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று கிராமம் கிராமமாக. வருமானமோ நிலையில்லாதது. கடைசியில் மாயூரத்துக்கு அழைத்துப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். தன் ஆசையை விட்டுக்கொடுத்துப் பிள்ளையின் ஆசைக்கு வண்டி கட்டிய தந்தை அவர். இங்கே செலவை ஏற்றவருக்கு என்ன செலவு என்று தெரியும். அவர் கண் திறந்தே ஏற்றார். பிறகு கும்பகோணம் கல்லூரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்து, 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்தபோது ஐயர் முன்கூட்டியே கையொப்பக்காரர்களிடம் பணம் திரட்டினார். 1887இல் புத்தகம் வெளிவந்தது. பணம் கொடுத்தவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தார்கள், புத்தகமும் பெற்றார்கள். பல வீடுகளில் வழி தவறும் விஷயம் அங்கே ஒழுங்காக நடந்தது.

இதுவரை சொன்ன கனவுகள் எல்லாம் ஆண்களுடையவை என்பது தற்செயல் அல்ல. ஆணின் கனவுக்குக் குடும்பம் செலவழித்தது. பெண்ணின் கனவையோ குடும்பம் செலவழித்துவிட்டது. கடமை என்ற பெயரில் நடந்ததால் அதைத் தவறு என்று யாரும் எழுதிவைக்கவும் இல்லை. பிறரைப் பாதிக்காமல் கனவு காண் என்ற அறிவுரையைப் பெண்ணிடம் சொல்லும்போது எச்சரிக்கை தேவை. அவள் காலையில் புறப்பட்டால் சமையல் யார் செய்வது என்பதையே பெரிய பாதிப்பாகக் கணக்கில் எழுதும் வீடுகள் உண்டு. வாழ்க்கை குலைவதும் வசதி குறைவதும் ஒன்றல்ல. ஜானகி இழந்தது முதல் வகை. மனைவி வேலைக்குப் போவதால் கணவன் தானே காப்பி போட்டுக்கொள்வது இரண்டாவது வகை. இதை ஈடு செய்ய யாரும் யாருக்கும் கடன்படவில்லை.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் பெறவே எதிர்ப்பைக் கடக்க வேண்டியிருந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். டாக்டர் சுந்தர ரெட்டி மணக்கக் கேட்டபோது, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு அவர் ஒப்புக்கொண்ட பிறகே 1914இல் திருமணம் செய்துகொண்டார். 1927இல் சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்ததும், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியதும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதற்குப் பின் வந்தவை. சுந்தர ரெட்டிக்குத் தாம் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது மணநாளுக்கு முன்பே தெரியும். அவர் மறுத்திருக்கலாம், அந்த வாய்ப்பு அவருக்குத் திறந்தே இருந்தது.

அந்தப் பேச்சு இன்றைய வீடுகளில் நடந்தால் எப்படி இருக்கும்? எத்தனை வருஷம் முயல்வது, அதுவரை மாதம் எவ்வளவு, அடகில் இருக்கும் நகையை யார் மீட்பது, அக்காவின் கல்யாணம் எந்த வருஷத்துக்கு மேல் தள்ளக் கூடாது, இதில் வரவில்லை என்றால் அடுத்து என்ன வேலை. கேட்க மனம் கூசும் கேள்விகள்தான். கனவு காண்கிறவரே அவற்றை முதலில் எடுத்துப் பேசுவது நல்லது, ஏனென்றால் கொடுக்கிறவர்களுக்கு வாய் வராது. குறித்த கெடு தாண்டிவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசலாம், நீட்டவும் செய்யலாம், ஆனால் கேட்டு நீட்ட வேண்டும். அந்தக் கூட்டத்தில் அக்காவும் உட்கார்ந்திருக்க வேண்டும். தம்பியின் கேள்விகள் முடிந்ததும், பத்து வருஷத்துக்கு முன் பன்னிரண்டாம் வகுப்போடு அவள் நிறுத்திய படிப்பை இப்போது தொடர எவ்வளவு ஆகும் என்பதையும் அதே நோட்டில் எழுத வேண்டும்.