பொதுச்சொத்து யாருடையது?

தெஹிவளையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் நம்மவர்கள் களனி கங்கையைக் கடக்கையில் அண்ணாந்து பார்க்கும் பாலம் ஒன்றுண்டு. 2021 நவம்பர் 24ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலமே அது. நீளம் 380 மீற்றர். உயர்ந்த கோபுரங்களிலிருந்து இறங்கும் கம்பிவடங்கள் பாதையைத் தாங்கும் முறையில் இலங்கையில் எழுந்த முதற்பாலம். யப்பான் தந்த கடனில் கட்டப்பட்டது.

திறந்து மூன்றாண்டு முடியுமுன்னே, அதன் நட்டுகளும் போல்ட்டுகளும் களவு போயின என்றும், பெறுமதி சுமார் 28 கோடி ரூபா என்றும் அப்போதைய நெடுஞ்சாலை அமைச்சரே கூறினார்.

கோயில் சொத்துக் குலநாசம் என்பார்கள். உண்டியலில் கைவைக்க நடுங்கும் மனிதன், பாலத்தில் கைவைக்க ஏன் நடுங்கவில்லை? எல்லாருக்கும் உரியது எவருக்கும் உரியதன்று என்ற எண்ணம்தானே காரணம்!

2022இல் நாடே வரிசையில் நின்றது. பசி வந்தால் மனிதன் என்ன செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளையின் பசிக்காகக் கடையில் ஒரு றாத்தல் பாண் எடுத்தவனை நாம் கடிந்துகொள்ளத் தயங்குவோம். அவன் நாளை அந்த முதலாளியிடம் போய், “ஐயா, மன்னியுங்கள்” என்று காசைக் கொடுக்கலாம். பாலத்தில் திருடியவன் யாரிடம் போவான்? அவன் எடுத்தது, விடியற்காலையில் பேலியகொடைச் சந்தைக்கு மீன் வாங்கப் போகும் வியாபாரியிடமிருந்து. கடனை அடைக்கப்போகும், இன்னும் பிறவாத குழந்தையிடமிருந்து. அவர்களின் முகம் அவனுக்குத் தெரியாது. பொதுச்சொத்தைத் திருடுவதின் கொடுமை இதுதான்: மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை.

கழற்றியவன் மட்டுமா கள்ளன்? எங்கிருந்து வந்தது என்று கேளாமல் நிறுத்து வாங்கிய பழைய இரும்பு வியாபாரி யார்? கந்தோர்க் கடதாசியைப் பிள்ளையின் பாடக்கொப்பிக்கென வீட்டுக்குக் கொண்டுவரும் தகப்பன் யார்? அளவு வேறு; எண்ணம் ஒன்றே.

பெற்றோரே, அடுத்த முறை அப்பாலத்தைக் கடக்கையில் பிள்ளைகள் வடங்களைக் காட்டி வியப்பார்கள். “இது யாருடையது, அப்பா?” என்று கேட்டால், “அரசாங்கத்துடையது” என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். “நமக்குப் பின்னால் வருகிறவர்களுடையது” என்று சொல்லுங்கள்.