உடலைப் பேணுதலும் உடற்பற்றும்

உடல் வேறு, உயிர் வேறு என்பது நம் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லுமுன்னரே வீட்டில் கேட்டு வளரும் உண்மை. பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் அன்யத்துவமும் அசுசித்துவமும் இதனையே நமக்கு நாள்தோறும் நினைவூட்டுகின்றன. அங்ஙனமாயின், உயிரினின்றும் வேறான இவ்வுடலின் அளவை மாற்றிக்கொள்ள ஒருவர் மருத்துவரின் கத்தியை நாடலாமா? அஃது உடற்பற்று ஆகாதா? இவ்வினா சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் எழுந்தது. பெண்மக்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கும் பொருள் இது. அதனாலேயே, வயது முதிர்ந்த நான் எழுதுவது தகும் என்று கருதுகின்றேன். அவள் இசைவு பெற்றே எழுதுகின்றேன்.

என் தமையனாரின் பேத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தாள். இருபது வயது. பதின்மூன்றாம் வயது தொடங்கி அவளுடைய மார்பகங்கள் உடலின் அளவுக்குப் பொருந்தாத பெருக்கம் அடைந்திருந்தன. கழுத்தும் தோளும் முதுகும் ஓயாது வலித்தன. உள்ளாடையின் பட்டை அழுந்தி இரு தோள்களிலும் பள்ளம் விழுந்திருந்தது. கோடையில் மார்பின் அடியில் தோல் வெந்து புண்ணாகும். மார்பகக் குறைப்பு அறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரைக் கண்டு, கேட்டறிந்தவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து, பெற்றோர் முன் வைத்தாள்.

அவள் தாய் கலங்கிப்போய் என்னிடம் வந்தாள். "அத்தை, நீங்களாவது இவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கடவுள் கொடுத்த உடம்பைக் கத்தி வைத்து அறுப்பதா?" என்றாள். பெண்ணோ, "பாட்டி, சாமாயிகத்தில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் உயிர் நினைவுக்கு வரவில்லை, தோள்தான் நினைவுக்கு வருகிறது" என்றாள்.

நான் உடனே விடை கூறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் என்னிடம் பயின்ற ஒரு மாணவி என் நினைவுக்கு வந்தாள். எப்போதும் கூனியே நிற்பாள். புத்தகங்களை மார்போடு அணைத்தபடியே நடப்பாள். உடற்பயிற்சி வகுப்புக்கு வாராதிருக்க நாள்தோறும் ஒரு காரணம் சொல்வாள். ஒரு நாள் அவளை வகுப்பின் முன் நிறுத்தி, "நிமிர்ந்து நில்" என்று அதட்டினேன். அவள் நிமிர்ந்தாள். வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. மாணவர் உளநிலை பற்றிப் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேர்ந்தவள் நான். எனினும் அவளை அடங்காதவள் என்றே மதிப்பிட்டேன். பிரதிக்கிரமணத்தில் எல்லா உயிர்களிடமும் நாம் கேட்கும் மன்னிப்பு அம்மாணவியின் செவியைச் சென்று சேர்ந்திராது. ஆகவே இம்முறை அறிவுரை கூறுமுன் சிந்திப்பது என் கடமையாயிற்று.

வினைப்பயன் என்று பொறுத்தல்

"கடவுள் கொடுத்த உடம்பு" என்பது பழக்கத்தால் வரும் சொல். நம் கொள்கைப்படி உடம்பை ஒருவர் ஆக்கிக் கொடுப்பதில்லை. உடலின் வடிவமும் அளவும் நாமகருமத்தின் பயன். இன்ப துன்ப நுகர்ச்சி வேதனீய கருமத்தின் பயன். அப்படியானால், வந்த வினையைப் பொறுத்துக் கழிப்பதன்றோ முறை என்று கேட்கலாம்.

துறவோர் வெல்ல வேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களுள் நோயைப் பொறுத்தலும் ஒன்று என்பது உண்மையே. ஆனால் அவை மாதவர்க்கு உரியவை. அதுவும் அவர்கள் தாமே உவந்து ஏற்றுக்கொண்டவை. அத்துறவியர் நோயுற்றபோதும், இல்லறத்தார் "பொறுத்துக்கொள்ளட்டும்" என்று வாளா இருக்கும்படி ஆகமம் கூறவில்லை. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தை வைத்தது. நோயுற்ற முனிவர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக எண்ணியது. நோயைப் பொறுத்தல் ஒன்றே அறமாயின், மருந்து கொடுத்தல் அறமாக மாட்டாது. பொறுமை, வலியுடையவர் தாமே மேற்கொள்ள வேண்டிய நோன்பு. பிறர் வலியைப் பார்த்து நாம் விதிக்கும் கட்டளையாக அது மாறுமாயின், அதற்குப் பெயர் பொறுமை அன்று. நம் இரக்கக் குறைவு.

மேலும், யாவும் முன்னரே விதிக்கப்பட்டவை, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது ஆசீவகர் கொள்கை. அவர்களோடு வாதிட்டு மறுப்பதற்கென்றே நம் நீலகேசி ஒரு சருக்கம் கொண்டுள்ளது. அந்நூலைப் போற்றும் நாம், பெண்ணின் வலி என்று வரும்போது மட்டும் ஆசீவகர் ஆகிவிடலாமா?

அழகாசையா?

இது மெய்யாகவே கடினமான வினா. வலியையே நினைந்து உழல்வதும் ஆர்த்தத் தியானம். வேண்டியதைப் பெற ஏங்கும் நிதானமும் ஆர்த்தத் தியானம். முன்னதைப் போக்கச் சென்று பின்னதில் வீழ்வாரும் உளர். பிறர் கண்ணுக்கு இனியதாகத் தோன்ற வேண்டும் என்னும் ஆசைக்கு எல்லை இல்லை. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று குறையாகத் தோன்றும்.

பெண்ணை அருகில் அமர்த்தி நேராகவே கேட்டேன்: "வலி முழுதும் வேறு வழியில் நீங்கி, உருவம் இப்படியே இருக்குமானால் அறுவை வேண்டுவாயா?" அவள் நெடுநேரம் எண்ணினாள். "தெரியவில்லை பாட்டி. பேருந்தில் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். அதுவும் வலிதான். என்னை யாரும் புகழ வேண்டாம். பார்க்காமல் இருந்தால் போதும்" என்றாள்.

இவ்விடை என்னைத் தெளிவித்தது. வலி எது, நாணம் எது என்று இருபது வயதுப் பெண் தராசில் பிரித்துக் காட்ட முடியாது. நாமும் அதனைக் கேட்கலாகாது. நாம் காண வேண்டியது, அவள் நாடுவது உடலைக் காட்டவா, மறக்கவா என்பதே. காயோத்சர்க்கம் என்று உடலை நினையாது நிற்கும் நிலையை நம் முன்னோர் போற்றினர். முள் தைத்த காலோடு நிற்பவர் முள்ளையே நினைந்து நிற்பார். உடலை மறப்பதற்காகவே சிலபோது உடலைக் கவனிக்க வேண்டியிருக்கின்றது.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018 ஆம் ஆண்டு மார்பகச் சீரமைப்பு அறுவைகளைக் கட்டணமின்றிச் செய்ய முன்வந்தபோது, இதற்கெல்லாம் மக்கள் பணமா என்று கேட்டோர் உண்டு. அழகுக்காக வருவோரும் துன்பம் தாங்காது வருவோரும் ஒரே வாயிலில்தான் நுழைகின்றனர். வாயிலைப் பார்த்து உள்ளத்தை மதிப்பிடுதல் நற்காட்சி ஆகாது.

கத்தியும் அகிம்சையும்

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, கவனமின்மையும் கஷாயமும் கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்தலையே குறிக்கின்றது. நலம் கருதி அறுக்கும் மருத்துவர் கையிலுள்ள கத்தியும் பகைவன் கையிலுள்ள கத்தியும் ஒன்றல்ல.

ஆனால் நாம் கவனிக்க வேண்டிய வேறு இம்சை ஒன்றுண்டு. காயம் தைக்கும் கேட்கட் எனும் நூல் ஆடு மாடுகளின் குடலினின்றும் செய்யப்படுவது. மாத்திரைக் குப்பிகள் பலவற்றின் உறை விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. தானே கரையும் செயற்கை நூல் இன்று பரவலாக உள்ளது; உறையில்லாத மாத்திரைகளும் பெரும்பாலும் கிடைக்கும். முன்கூட்டியே பணிவோடு கேட்டால் மருத்துவர் இயன்றதைச் செய்வர். எங்கள் பெண் கேட்டாள், செய்தனர். எனினும் நெருக்கடி நேரத்தில் மருத்துவர் கையைத் தடுத்தல் கூடாது. தவிர்க்க இயலாததற்குப் பின்னர் பிராயச்சித்தம் உண்டு.

இழப்பை அறிந்து துணிதல்

நல்ஞானம் இன்றி நல்லொழுக்கம் இல்லை. நன்மையை மட்டும் கேட்டுத் துணிவது அறியாமை. இவ்வறுவை மயக்கமருந்து கொடுத்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் செய்யப்படுவது. காம்பைச் சுற்றியும் அதனின்று கீழ்நோக்கியும், பலர்க்கு மார்பின் அடி மடிப்பு நெடுகவும் தழும்பு விழும். மங்குமே தவிர மறையாது. காம்பின் உணர்ச்சி குறையலாம். சிலர்க்கு அறவே போகலாம். பிற்காலத்தில் தாய்ப்பால் குறையலாம், அல்லது ஊட்ட முடியாமலே போகலாம். கருவுற்றாலோ உடல் எடை கூடினாலோ மார்பகம் மீண்டும் பெருகவும் கூடும். வளர்ச்சி நின்று அளவு நிலைப்பட்ட பின்னரே செய்ய வேண்டும்.

தாய்ப்பால் பற்றிய இடத்தில் அவள் தாய் அழுதாள். என்னாலும் எளிதாகக் கடக்க இயலவில்லை. ஆனால் பிறவாத குழந்தையின் பெயரால் பிறந்த பெண்ணைப் பல ஆண்டுகள் வலியில் நிறுத்துவது எப்படி அறமாகும்? இழப்பை அறியாமல் இழப்பது வேறு. அறிந்து ஏற்பது வேறு. பதினெட்டு வயது நிரம்பியவள் இசைவுத்தாளில் தானே கையொப்பம் இடுகின்றாள். அவ்வொப்பத்தை அவளே எண்ணி இடும்படி செய்வதும், அதன்பின் அவள் முடிவுக்குத் துணைநிற்பதும் பெற்றோர் செயல். இரண்டு மாதம் பொறுத்து மீண்டும் கேட்போம் என்றேன். அவள் உடன்பட்டாள். இரண்டு மாதத்திற்குப் பின்னும் அவள் எண்ணம் மாறவில்லை.

உடனிருப்போர் கடமை

ஏலாசாரியர் அருளியதாக நம்மவர் போற்றும் திருக்குறளில் 95 ஆம் அதிகாரம் மருந்து. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து உதவுபவரையும் மருத்துவத்தின் உறுப்பாக அது எண்ணுகின்றது. இந்நான்காம் உறுப்பு நாமே.

கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் அறுவை நடந்தது. இரண்டு வாரம் வீட்டில் ஓய்வு. ஆறு வாரம் கனமான பொருள் தூக்கலாகாது. கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது. மார்பைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடையை இரவும் பகலும் அணிய வேண்டும். மல்லாந்தே உறங்க வேண்டும். விடுதியில் வாளியில் நீர் தூக்குவதும், பேருந்தில் கம்பியைப் பற்றி நிற்பதும் ஆகாவாதலின், கல்லூரி நடக்கும் நாளில் செய்திருந்தால் அல்லலாகியிருக்கும்.

இரவு உண்ணா நோன்பினள் ஆதலால், இருவேளை மருந்தைக் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் என்று மருத்துவரே அமைத்துக் கொடுத்தார். புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பும் பயறும் பாலும் தயிரும் முருங்கைக் கீரையும் நம் அடுக்களையிலேயே உள்ளன. அவ்வாரங்களில் உபவாசம் வேண்டா என்று நானே தடுத்தேன். தழும்புகள் கூடும் இடத்தில் புண் ஆற ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. இது பலர்க்கும் நேர்வதே என்று மருத்துவர் முன்னரே கூறியிருந்தமையால் அஞ்சவில்லை. முதலில் மறுத்த தாயே நாள்தோறும் கட்டை அவிழ்த்துத் தூய்மை செய்தாள். நோயுற்ற முனிவர் தம்மேல் வாந்தி எடுத்தபோதும் அருவருப்புக் கொள்ளாத உத்தாயன மன்னன் கதையை நிர்விசிகிச்சைக்கு எடுத்துக்காட்டாக நாம் கேட்டிருக்கின்றோம். அவ்வங்கத்தை அன்று நான் அவள் கைகளில் கண்டேன்.

உறவினர் பலர் நலம் விசாரிக்க வந்தனர். சிலர் காரணம் துருவினர். "அறுவை நடந்தது, நலமாக இருக்கிறாள்" என்ற விடையே போதும் என்று நிறுத்திக்கொண்டோம். பிறர் குறையையே மறைத்துக் காக்கச் சொல்வது உபகூஹனம். குறையே அல்லாத ஒன்றைத் தூற்றித் திரிவதற்கு எந்த அங்கத்தில் இடம் உண்டு? ஆனால் மணம் பேசும் காலம் வரும்போது, அவளைக் கைப்பிடிக்கப் போகின்றவரிடம் அவளே உண்மையைக் கூற வேண்டும் என்றேன். வாய்மையும் நம் அணுவிரதம் அன்றோ? "அதைக் கேட்டுப் பின்வாங்குபவர் முன்பே பின்வாங்கட்டும் பாட்டி" என்று சிரித்தாள்.

நம் இல்லங்களில் உள்ள அன்னையரையும், ஆசிரியப் பணியில் உள்ள சகோதரியரையும் ஒன்று வேண்டுகின்றேன். கூனி நடக்கும் பெண்ணைக் கண்டால் "நிமிர்ந்து நட" என்று சொல்லுமுன், தனியே அழைத்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சென்ற மாதம் எங்கள் பெண் விடுமுறைக்கு வந்தபோது என்னுடன் சாமாயிகத்தில் அமர்ந்தாள். முடிந்தபின், "இப்போது மனம் நின்றதா?" என்றேன். "இல்லை பாட்டி, இன்னும் அலைகிறது. ஆனால் தோளைச் சுற்றி அலையவில்லை" என்றாள். இனி அதனை அடக்குவது அவள் முயற்சி. அதற்கு எந்த மருத்துவமனையும் இல்லை. அருகன் அறமே துணை.

வாழ்க அறவாழி அந்தணன் திருவறம்!