விட்டுவிட்ட மீன்

ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டம் விடாது. அதனால் அந்த ஜூன் சனிக்கிழமை மட்டும்தான் என் கையில் இருந்தது. கிராண்டவுன் ஊருக்குப் பக்கத்தில், ஸ்பே நதியின் தேநீர் நிறத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றேன். கூடவே வந்து வழிகாட்டுபவரை இங்கே கில்லி என்கிறார்கள். நமக்குக் கில்லி என்றால் விஜய் படம். ஒரு கில்லியை அமர்த்தக் காசில்லாததால் வாடகைத் தூண்டிலும் நானும் மட்டும்தான்.

ஆற்றுக்குள் திரும்பிய சால்மன் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு, இலையுதிர் காலக் கடைசியில் முட்டையிடும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகு ஏன் இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியைக் கவ்வுகிறது? எரிச்சல் என்கிறார்கள், பழைய பழக்கம் என்கிறார்கள். எதுவானாலும் பசி இல்லை. அதற்கும் பசி இல்லை, எனக்கும் இல்லை. மதியம் கரையில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டிருந்தேன். உள்ளே இருந்ததும் சால்மன்தான், கடலில் கூண்டுபோட்டு வளர்த்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை.

இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. அப்போதுதான் ரீல் கத்தியது. பத்து நிமிடம் அது இழுத்தது, நான் இழுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது. கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து கைக்கு வந்தது. முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது, சுலபமாகக் கழன்றது. தண்ணீரை விட்டுத் தூக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. யாரும் பார்க்காத மீனை விட்டு என்ன பயன்? ஒரு கையில் மீன், மறு கையில் போன். ஐந்தாறு நொடி இருக்கும். அதன் வாய் திறந்து மூடியது. பிறகு எதிர்நீரோட்டம் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். வாலை ஒரு உதறு உதறிப் போய்விட்டது.

விடுதிக்கு நடக்கும்போது, 'ஒரு உயிரைக் காப்பாத்திட்டோம்' என்று மனசு சொன்னது. உடனே வெட்கமாக இருந்தது. யாரிடமிருந்து காப்பாற்றினேன்? ஆபத்தே நான்தானே.

விட்டுவிடுவதற்கு நல்ல வாதம் உண்டு. 2023 டிசம்பரில் ஐ.யு.சி.என். அமைப்பு பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளதாக வகைப்படுத்தியது. ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கும் காட்டுச் சால்மன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இன்று திரும்ப விடப்படுகின்றன. தூண்டில்காரர்கள் கட்டும் காசும் அவர்கள் கண்ணும் நதிகளுக்குக் காவலாக இருக்கின்றன. ஜெர்மனியில் வேறு பார்வை. நியாயமான காரணமில்லாமல் விலங்குக்கு வலி தருவதை அங்கே சட்டம் தடுக்கிறது. விடுவதற்கென்றே பிடிப்பதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். சாப்பிடுவது காரணம். சந்தோஷம் காரணமா?

இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் வாதம் மீன் இனத்தைப் பற்றியது. என் கையில் இருந்தது ஒரே ஒரு மீன். இலையுதிர் காலம்வரை அது சேர்த்துவைத்திருந்த பலத்திலிருந்து பத்து நிமிடத்தை நான் செலவழித்தேன். புகைப்படத்துக்காக இன்னும் ஐந்தாறு நொடி. கொன்று தின்பவனுக்குத் தான் எடுத்துக்கொண்டது என்னவென்று தெரியும். நான் எடுத்துக்கொண்டுவிட்டு, கொடுத்ததாக நினைத்தேன்.

இரக்கம் என்ற சொல்லை இனி அந்த இடத்தில் பயன்படுத்த மாட்டேன். கடன் என்று சொன்னால் கொஞ்சம் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

படம் இன்னும் போனில் இருக்கிறது. யாருக்கும் அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. மறுபடி போவாயா என்று கேட்டால், போவேன் என்றுதான் கை சொல்கிறது. அந்த இழுப்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.