துப்பாக்கியைத் துடைக்கும் தொண்டர்

ஆண்டுதோறும் யூன் மாதத்தின் முதல் வாரத்தில், பிரான்சின் நோர்மண்டிக் கரையோரக் கிராமங்களிலே விநோதமான ஒரு காட்சியைக் காணலாம். ஒடுங்கிய தெருக்களில் பழைய ஜீப் வண்டிகள் வரிசையாகச் செல்லும். வயல்களிலே இராணுவக் கூடாரங்கள் எழும். 1944ஆம் ஆண்டின் அமெரிக்கப் படைவீரனுக்குரிய சப்பாத்தும் இரும்புத் தொப்பியும் அணிந்த மனிதர், பார்க்க வருவோருக்குப் பழைய வானொலிக் கருவியையும் துப்பாக்கியையும் காட்டி விளக்கிக்கொண்டிருப்பர். இவர்கள் படையினரல்லர்; கூலி பெறுவோருமல்லர். பிரித்தானியா, ஒல்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் முதலிய நாடுகளிலிருந்து தம் சொந்தச் செலவிலே வரும் தொண்டர்கள். 1944 யூன் 6ஆம் நாள், நாஜிகளின் பிடியிலிருந்த அக்கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கியதை நினைவுகூரவே அவர்கள் வருகின்றனர்.

இவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. வளர்ந்த மனிதர் சிறுவரைப்போல வேடம் புனைகின்றனர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. போர்க்காலத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் அவற்றுட் பல கேட்பாரற்றுத் துருவேறிக் கிடந்தன. அத்தகைய ஒன்றை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, இயந்திரத்தைத் திருத்தி, உரிய பச்சை நிறத்தைத் தேடிப் பூசி, மீண்டும் ஓடச் செய்வதற்கு எத்தனையோ மாலைவேளைகள் செலவாகின்றன. பகலெல்லாம் பிறருக்காக உழைத்தவன் தன் உழைப்பின் பயனைத் தானே முழுமையாகக் காணும் இடம் அதுவாகவும் இருக்கலாம். கைத்திறனை மதிக்கத் தெரிந்த எவரும் இதனை இகழார்.

மேலும், அங்கு நினைவுகூரப்படுவது பாசிசத்தை முறியடித்த போர். முதலாம் உலகப் போரைச் சந்தைக்கான ஏகாதிபத்தியப் போட்டி என்று கூறி முடித்துவிடுவோர்கூட, இரண்டாம் போரைப் பற்றி அவ்வாறு கூறத் தயங்குவர். (அதே யூன் மாதத்தில் கிழக்கே செஞ்சேனை தொடங்கிய பெருந்தாக்குதல் நோர்மண்டிக் கூடாரங்களில் அதிகம் பேசப்படுவதில்லை என்பது வேறு விடயம்.) போர் நியாயமானது, தொண்டரின் உழைப்பு தன்னலமற்றது, வருவோரும் நன்றியுணர்வோடு வருகின்றனர். அவ்வாறாயின் குறை எங்கே?

காட்சிக்கு வைக்கப்பட்ட துப்பாக்கியை நாம் எப்போதும் அதன் பிடிப்பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். அதன் வாய்க்கு எதிரே நின்றவன் காட்சியில் இல்லை. தோற்பட்டையின் கொக்கி எந்தத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது என்பதைத் தொண்டர் அறிவார்; அதனைத் தேடி அறிந்துகொள்ள ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டிருப்பார். அந்தத் துப்பாக்கி என்ன செய்தது என்ற கேள்வியோ பெரும்பாலும் எழுவதில்லை. சிறுவனொருவன் ஜீப்பில் ஏறியமர்கிறான். தந்தை படம் எடுக்கிறார். எல்லோரும் புன்னகை புரிகின்றனர். மருத்துவக் கூடாரமமைத்துக் காயமுற்றோரின் நிலையைக் காட்டும் குழுக்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. எனினும் கூட்டம் நிற்பது தாங்கியின் அருகிலேதான்.

சென்-மேர்-எக்லீஸ் என்ற சிற்றூரின் தேவாலயக் கோபுரத்தில் ஒரு பொம்மை பரசூட்டோடு தொங்குகிறது. ஜோன் ஸ்டீல் என்ற அமெரிக்கப் படைவீரரைக் குறிப்பது அது. வானிலிருந்து குதித்த அவருடைய பரசூட் அக்கோபுரத்திற் சிக்கிக்கொண்டது. கீழே சண்டை நடந்துகொண்டிருக்க, அவர் இரண்டு மணி நேரமளவு இறந்தவர்போல அசையாது தொங்கினார்; பின்னர் பிடிபட்டு, அதன்பின் தப்பினார். செத்தவனாக நடித்து உயிர் பிழைத்த மனிதனை இன்று ஒரு பொம்மை நடிக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தின் அச்சத்தைப் பொம்மையினால் எவ்வாறு சொல்ல முடியும்? கீழே நிற்கும் பயணிகள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகின்றனர்.

காட்சியில் இல்லாதவர் பகைப் படையினர் மட்டுமல்லர். நோர்மண்டிப் போரிலே ஏறத்தாழ 20,000 பிரெஞ்சுக் குடிமக்கள் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றவை, அவர்களை விடுவிக்க வந்தவர்களின் குண்டுகளே. கான் நகரம் யூன் 6ஆம் நாளிலிருந்து மீண்டும் மீண்டும் குண்டுவீச்சுக்குள்ளாயிற்று. யூலை 7ஆம் நாள் மாலையில் 400க்கும் மேற்பட்ட பிரித்தானியக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் அதன்மீது வந்தன. சென்-லோ நகரின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. தாயையும் வீட்டையும் இழந்த ஒருவன், சில வாரங்களின்பின் அதே படையினருக்குப் பூக்கொடுத்து வரவேற்க வேண்டியிருந்தது. அவன் பூக்கொடுத்ததும் பொய்யன்று, துயருற்றதும் பொய்யன்று. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லும் மொழி அரச விழாக்களுக்கு வாய்க்கவில்லை. அக்குடிமக்களுக்குப் பிரெஞ்சு ஜனாதிபதி ஒலாந்து கான் நகரில் அரச மரியாதை செலுத்தியது 2014 யூன் 6இல். எழுபது ஆண்டுகளின் பின்னர். போரிற் சிக்கிய குடிமக்களுக்கென ஃபலேஸ் நகரில் ஓர் அரும்பொருளகம் திறக்கப்பட்டது 2016இல்.

இவ்வளவு காலம் அரசுகள் மௌனம் சாதித்ததை விளங்கிக்கொள்ளலாம். அவற்றுக்குக் கூட்டணிகள் உண்டு, நன்றிக்கடன்கள் உண்டு, பக்கத்து நாட்டு விருந்தினர் மேடையில் அமர்ந்திருப்பர். படைவீரனுடைய மௌனத்தையும் விளங்கிக்கொள்ளலாம். அவன் கட்டளைக்குக் கட்டுப்பட்டவன், கண்டவற்றைச் சொல்லும் வலுவும் பலருக்கு இருக்கவில்லை. தொண்டனின் நிலை வேறு. அவனுக்குக் கட்டளையிட எவருமில்லை. சம்பளம் இல்லை, ஆதலால் அதனை இழக்கும் அச்சமும் இல்லை. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை அவனே தீர்மானிக்கிறான். ஆகவே அவன் விட்டது எதுவோ அது அவனுடைய சொந்தத் தெரிவு. தன்னலமின்றிச் செய்தேன் என்பது அவனுக்குப் பெருமை தரும், பொறுப்பிலிருந்து விலக்களிக்காது.

‘நாங்கள் பொருள்களைக் காட்டுகிறோம், அரசியல் எங்களுக்கு வேண்டாம்’ என்று இதற்கு விடை கூறப்படுவதுண்டு. நேர்மையாகக் கூறப்படும் விடை என்றே கொள்வோம். முன்னர் அதற்கு ஓரளவு இடமும் இருந்தது. ஜீப்பின் அருகே முதிய படைவீரர் ஒருவர் நிற்பார்; அதிலே கைவைத்து, ‘இது இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை’ என்று அவர் சொல்லியிருக்கலாம். இன்று அத்தகையோர் அநேகமாக எல்லோரும் மறைந்துவிட்டனர். திருத்திச் சொல்ல ஆளில்லாத இடத்தில், வைக்கப்பட்ட பொருளே சாட்சியாகிவிடுகிறது. பளபளக்கும் சாட்சி.

வேறு வழியில் நினைவுகூர்ந்த தொண்டரும் உளர். 2016 யூலை 1ஆம் நாள் பிரித்தானியாவின் புகையிரத நிலையங்களிலும் கடைவீதிகளிலும், முன்னறிவித்தல் எதுவுமின்றி, முதலாம் உலகப் போரின் சீருடையணிந்த ஆண்கள் தோன்றினர். நாடெங்கும் ஏறத்தாழ 1,400 பேர். ஜெரமி டெலர் என்ற கலைஞர் வகுத்த நிகழ்வு அது. அவர்கள் பேசவில்லை. எவரேனும் அணுகினால் ஒரு சிறிய அட்டையைக் கொடுத்தனர். சொம் போரின் முதல் நாளான 1916 யூலை 1இல் மாண்ட ஒரு படைவீரனின் பெயர் அதில் இருந்தது. அந்த ஒரு நாளில் இறந்த பிரித்தானியப் படையினர் 19,240 பேர். வேலைக்கு விரைந்துகொண்டிருந்தவர் ஒரு பெயரைக் கையிலே பெற்றுக்கொண்டு நின்றார். அங்கு ஏறி அமர்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஆயினும் அந்த அட்டைகளுக்கும் ஓர் எல்லை இருந்தது. மறுகரையில் மாண்டவனின் பெயர் அவற்றில் இல்லை. 2014இல் இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழியிலே ஆயிரக்கணக்கான தொண்டர் நட்ட 888,246 பீங்கான் பொப்பி மலர்களும், பிரித்தானியாவுக்காகவும் அதன் குடியேற்ற நாடுகளுக்காகவும் இறந்தோரை மட்டுமே எண்ணின.

பொப்பி மலரைப் பற்றிப் பேசுகையில் இலங்கையர் வேறொரு மலரை மறக்க முடியாது. முதலாம் போரின் பின்னர் ஆண்டுதோறும் நவம்பர் 11இல் இந்நாட்டிலும் பொப்பி விற்கப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் சென்றது. அப்போரிற் சேவைசெய்து திரும்பிய இலங்கையருக்கு எஞ்சியது சொற்பம். அதனை எதிர்த்து 1931இல் தொடங்கப்பட்ட சூரியமல் விற்பனையை, 1933இல் இடதுசாரி இளைஞர் ஓர் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினர். சூரியமல் என்பது நம் வேலிகளில் நிற்கும் பூவரசின் பூவே. அதே நாளில், அதே தெருவில் நின்றுகொண்டு, நினைக்கப்படுபவர் யார், விடப்பட்டவர் யார் என்று அத்தொண்டர் கேட்டனர். 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோயின்போது அவர்களே மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். நினைவுகூரும் உரிமை யாருக்கு என்ற கேள்வியின் கனத்தை இந்நாட்டு வாசகருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஜீப்பை விற்றுவிடுமாறு நோர்மண்டித் தொண்டரிடம் எவரும் கேட்கவில்லை. அது ஓடட்டும், சிறுவனும் ஏறட்டும். வண்டியின் முன்னே ஓர் அறிவித்தற் பலகை இருக்கும். உற்பத்தியான ஆண்டு, இயந்திரத்தின் வலு, வண்டியின் நிறை ஆகியவை அதில் அழகாக எழுதப்பட்டிருக்கும். கீழே இன்னும் இரண்டு வரிகளுக்கு இடமிருக்கிறது. சென்-லோவில் மாண்ட ஒருவரின் பெயரும் வயதும் எழுத அது போதும்.