மாறுபட்டவருக்கு எத்தனை பெயர்

1662 ஆகஸ்ட் 24-க்குள் இங்கிலாந்தின் ஒவ்வொரு குருவும் சபையார் முன் நின்று ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டியிருந்தது. பொது ஜெபப் புத்தகத்தில் உள்ள அனைத்தையும் மனமார ஏற்பதாக. படித்து நடத்தினால் மட்டும் போதாது, உள்ளமும் ஒப்ப வேண்டும் என்றது ஒருமைப்பாட்டுச் சட்டம். 1660 முதல் அதுவரை ஏறக்குறைய 2000 குருமார் பதவி இழந்தார்கள்.

இவர்களை என்னவென்று அழைப்பது? தமிழில் 'எதிர்ப்பாளர்' என்று எழுதிக் கடந்துவிடலாம். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இதற்குப் பல சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மனிதனை வேறு இடத்தில் பிடிக்கிறது.

'ரெக்யூசன்ட்' மறுப்பவர். 1559 சட்டப்படி ஞாயிறன்று ஆலயத்துக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். 1581-இல் அது மாதம் 20 பவுண்டாக உயர்ந்தது. பெரும்பாலும் கத்தோலிக்கர்களைச் சுட்டிய இந்தச் சொல், அவர்கள் எதை நம்பினார்கள் என்று கேட்கவே இல்லை. காலியான இருக்கையை மட்டும் எண்ணியது.

'நான்கன்ஃபார்மிஸ்ட்' சடங்கின் வடிவத்தைப் பார்க்கிறது. இங்கிலாந்துச் சபைக்குள் இருந்துகொண்டே வெள்ளை அங்கி அணிய மறுத்தவர்களும், ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம் இட மறுத்தவர்களும் முதலில் இந்தப் பெயர் பெற்றார்கள். 1662-க்குப் பிறகு அது சபைக்கு வெளியே நின்றவர்களின் பெயரானது.

'ஹெரெடிக்' என்பதன் கிரேக்க வேர்ச்சொல்லுக்குத் 'தேர்வு' என்றுதான் பொருள். ஒருவர் தானே தேர்ந்தார் என்பதையே குற்றமாக்கிய சொல் அது. தமிழ்க் கத்தோலிக்கர் அதற்கு வைத்த 'பதிதர்' என்ற சொல்லில் தேர்வு மறைந்துவிட்டது, வீழ்ச்சி மட்டுமே மிஞ்சியது. எட்வர்ட் வைட்மன் 1612-இல் லிச்ஃபீல்டில் எரிக்கப்பட்டது இந்தச் சொல்லின் பெயரால்தான். அந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் எரிக்கப்பட்ட கடைசி மனிதர் அவர்.

இவற்றுள் நேர்மையான சொல் 'டிசென்டர்'. லத்தீனில் 'வேறாக உணர்பவர்'. இதில் இகழ்ச்சி இல்லை. 1662 சட்டம் கேட்டதும் மனத்தின் ஒப்புதலைத்தான். மனம் வேறாக உணர்கிறது என்பதுதானே அதற்கு நேரான பதில்! 1689-இன் சகிப்புச் சட்டம் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, அவர்கள் தனியே கூடி வழிபட இடம் தந்தது. ஆனால் கத்தோலிக்கருக்கும் திரித்துவத்தை மறுத்தவருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. நல்ல சொல்லைச் சட்டம் குறுக்கிவிட்டது.

பிரசங்கியார் ஜான் பன்யன் விஷயத்தில் இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. 1660-இல் கைதான அவர், இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை; சிறையில் 12 ஆண்டுகள் கழிந்தன. செயலில் அது மறுப்பு. ஆனால் வேறாக உணர்ந்த மனம் இல்லாமல் அந்த மறுப்பு அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்குமா?

இங்கிலாந்துச் சபைக்கும் டிசென்டர்களுக்கும் இடையிலான இந்தப் பிரிவின் ஒரு முனை சென்னையில் வந்து முடிந்தது. கன்னியாகுமரிப் பகுதியில் ஊழியம் செய்த லண்டன் மிஷனரி சங்கம் பெரிதும் இந்த டிசென்டர் வழியினருடையது. 1947 செப்டம்பர் 27 அன்று புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் இந்த வழியினரை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் கையால் அபிஷேகம் பெறாத குரு ஆலயப் பதவியில் இருக்கக் கூடாது என்றது 1662 சட்டம். சென்னையில் இணைந்தபோது, அப்படிப் பெறாத போதகர்களும் மறு அபிஷேகம் இல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள்.