மறைந்தவருக்குத் தந்த வாக்கு

வாக்குப் பெற்றவர் மறைந்துவிட்டால் அது யாரைக் கட்டுப்படுத்தும்? கேட்பாரின்மையால் தீர்ந்தது என்பாருக்கு, சீன ஓவியர் ஃபெங் சிகாயின் வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மைதோய்ந்த தூரிகையால் சில கோடுகளிட்டே மனிதரையும் பறவையையும் வரைந்தவர் இவர். பல படங்களில் முகத்திற்குக் கண்ணும் வாயும் இரா. ஆயினும் நகைப்பும் துயரும் விளங்கும். இவர்தம் ஆசிரியர் ஹொங் யி, துறவு பூண்டு பிக்குவானவர். அவரது ஐம்பதாம் வயதையொட்டி 1929-இல், உயிர்களைக் காக்கும்படி வேண்டும் ஐம்பது படங்கள் நூலாயின. படந்தோறும் உரிய வாசகத்தை எழில்மிகு எழுத்தில் தீட்டியவர் அப்பிக்குவே. அறுபதாம் வயதுக்கு அறுபது படங்கள். நூறாம் ஆண்டுக்கு நூறு என்னும் வரை தொடர்க என ஆசிரியர் பணித்தார், மாணவர் இசைந்தார். 1942-இல் ஆசிரியர் மறைந்தார்.

அன்றே நிறுத்தியிருந்தால் பழிப்பவர் யார்? ஆனால் பஞ்சசீலத்தை நாம் ஏற்கும்போது பிக்கு சொல்லித் தருகிறாரேயன்றி, அதை நம்மிடமிருந்து பெற்றுக்கொள்வதில்லை. ஏற்பவரும் காப்பவரும் நாமே. ஃபெங்கின் வாக்கும் அத்தகையதே என்பது நம் துணிபு.

எழுத்தைப் பிறர் தீட்ட, படங்கள் தொடர்ந்தன. 1966-இல் எழுந்த பண்பாட்டுப் புரட்சியில் ஓவியர் இழிவுபடுத்தப்பட்டார், இப்படங்களும் குற்றமாயின. (கொல்லாதே என்பதும் குற்றமாகும் காலமுண்டு போலும்!) இறுதித் தொகுதிக்குரிய ஆண்டு 1979. அவர் காத்திருக்கவில்லை, ஷாங்காய் இல்லத்தில் விடியுமுன் எழுந்து, மறைவாக வரைந்து, 1973-இலேயே நூறையும் முடித்தார். ஆறு தொகுதிகளிலுமாக 450 படங்கள். உரிய ஆண்டிலேயே இறுதித் தொகுதி அச்சேறியது; வரைந்தவர் 1975-இலேயே காலமாகியிருந்தார்.